37 மீட்டர் உயரத்தை ஒரு படத்துக்குள் அடக்க: ட்ரைபாடா, கையா, ஷிஃப்ட் லென்ஸா?

பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்துக்குள் முதல் தடவை நுழைந்தபோது 10 நிமிடம் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வெளியே நல்ல வெயில். உள்ளே கால் வைத்ததும் இருட்டு அப்பிக்கொண்டது. முதலில் தெரிந்தவை ஜன்னல்கள் மட்டும், அந்தரத்தில் நீலமும் சிவப்புமாக. பிறகு தூண்களின் அடிப்பகுதி. கடைசியாகத்தான், வெகு மேலே, கல் விதானம் மெல்ல மெல்லத் துலங்கியது.

அன்று 200க்கு மேல் படம் எடுத்தேன். ஊருக்கு வந்து பார்த்தபோது வைத்துக்கொள்ளும்படி இருந்தவை ஏழெட்டு. இருட்டும் நாய்ஸும் (குறைந்த வெளிச்சத்தில் படத்தில் தெரியும் புள்ளிகள்) நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் தூண்கள் எல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்து, உச்சியில் ஒன்றையொன்று முட்டப் போவதுபோல் நின்றன. அங்கே நின்றபோது என்னைப் பேசவிடாமல் செய்தது அந்த உயரம். படத்தில் அதுதான் காணாமல் போயிருந்தது.

அதற்குப் பிறகு பிரான்சிலும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பல பேராலயங்களுக்குப் போய்விட்டேன். இரவல் லென்ஸ், வாடகை லென்ஸ், ட்ரைபாட், வெறும் ஃபோன் என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்திருக்கிறேன். எதைப் பையில் வைப்பது, எதை வீட்டில் விடுவது, எந்த ஊருக்கு எந்த நேரத்தில் போவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளிச்சத்தைப் பற்றிப் படும் கவலையில் பாதியை எடுத்துக் கேமராவின் மட்டத்தில் வைத்தால் போதும், படங்கள் மாறிவிடும்.

அண்ணாந்தால் சாயும்

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் மேலே குவியும். தெருவில் நின்று ஒரு மாடி வீட்டை எடுத்தாலே இதைப் பார்க்கலாம். வீட்டுக்கு அது பெரிய கேடில்லை. ஷார்த்ர் போல உயரத்தையே குறியாக வைத்துக் கட்டிய இடைக்கால ஐரோப்பியப் பாணியான கோதிக் கட்டடத்துக்குத் தாங்காது. தூணை ஒட்டிய மெல்லிய கல் தண்டுகள் தரையிலிருந்து கிளம்பி, இடையில் எங்கும் தயங்காமல் மேலே போய், விதானத்தின் விலா வளைவுகளாக விரிகின்றன. சுவர் தாங்க வேண்டிய பாரத்தை வெளியே நிற்கும் முட்டு வளைவுகளுக்குக் கைமாற்றித்தான் இவ்வளவு உயரத்துக்குப் போனார்கள், சுவரையே ஜன்னலாகத் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்டு நேராக நிற்காத படம் அந்தக் கட்டடத்தின் படமே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, மட்டமாக வைத்துக்கொண்டே உச்சியைப் பிடிக்க என்ன வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு போட்டால் எல்லா லென்ஸ்களும் வரிசையில் வந்து நின்றுவிடும்.

ஷார்த்ரின் நடுக்கூடத்து விதானம் சுமார் 37 மீட்டர் உயரம். நம் கண் மட்டம் 1.6 மீட்டர் என்று வைப்போம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 24 மி.மீ. லென்ஸை நெட்டுவாக்கில், துளியும் அண்ணாக்காமல் பிடித்தால், விதானத்தின் உச்சி படத்துக்குள் வரத் தொடங்குவது 47 மீட்டருக்கு அப்பால்தான். அதற்கு முன்னே இருக்கும் விதானம் முழுக்க வெட்டுப்பட்டுவிடும். 16 மி.மீ. என்றால் இந்தத் தூரம் 31 மீட்டராகக் குறையும். 14 மி.மீ. என்றால் 27 மீட்டர் சொச்சம். ஷிஃப்ட் லென்ஸ் என்பது கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே தள்ளக்கூடியது. 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸை 12 மி.மீ. மேலே தள்ளினால் 28 மீட்டர். 17 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸை அதே 12 மி.மீ. தள்ளினால் வெறும் 20 மீட்டர்.

இந்த எண்களில் ஒரு சங்கதி இருக்கிறது. 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸும் சாதாரண 14 மி.மீ. லென்ஸும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தைத்தான் பிடிக்கின்றன. 14 மி.மீ.யில் கீழ்ப்பாதி முழுக்கத் தரையும் நாற்காலிகளுமாக வரும்; வெட்டி எறிய வேண்டும். பக்கங்களிலும் அதிகமாக வரும். ஷிஃப்ட் லென்ஸ் காட்டும் அதே சட்டத்துக்கு வெட்டினால் படத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 45 மெகாபிக்சல் கேமராவில் மிச்சம் 15. ஏ3 தாளில் அச்சிட அது தாராளம். 24 மெகாபிக்சல் கேமராவில் மிச்சம் 8. திரையில் பார்க்க நன்றாக இருக்கும், பெரிதாக அச்சிட்டால் இழுக்கும்.

ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: உங்கள் படம் சுவரில் மாட்டப்படப் போகிறதா, திரையில்தான் இருக்கப்போகிறதா? திரைக்குத்தான் என்றால் ஷிஃப்ட் லென்ஸுக்குச் செலவழிக்காதீர்கள். 14 மி.மீ.யில் தொடங்கும் ஒரு நல்ல வைட் ஜூம் வாங்கி, வ்யூஃபைண்டரில் மட்டக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மட்டமாக எடுத்து வெட்டுங்கள்.

ஷிஃப்ட் லென்ஸின் பலம் மேலே சொன்ன 20 மீட்டர் கணக்கில் தெரிகிறது. கேனானின் 17 மி.மீ., நிக்கானின் 19 மி.மீ. இரண்டும் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. இரண்டும் 800 கிராமுக்கு மேல் கனம், இரண்டிலும் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். முதல் தடவை 17 மி.மீ. லென்ஸை வாடகைக்கு எடுத்து அமியான் பேராலயத்தின் நடுக்கூடத்தில் நின்று குமிழைத் திருகியது இன்னும் நினைவிருக்கிறது. கேமரா அசையவில்லை. தூண்கள் அப்படியே நேராக நிற்க, திரையில் தரை மட்டும் மெதுவாகக் கீழே இறங்கிப் போனது. மேலிருந்து விதானம் இறங்கி வந்தது. லென்ஸ் அடியில் ஒரு சின்னக் குமிழ், அவ்வளவுதான். நான் அந்த இடத்திலேயே நின்று நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

இது புது வித்தையும் இல்லை. அந்தக் காலத்துத் தகட்டுக் கேமராக்களில் லென்ஸ் பொருத்திய பலகையையே மேலே உயர்த்தலாம். 1903இல் இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில் ஃபிரெடரிக் எவன்ஸ் எடுத்த படிக்கட்டுப் படத்தைப் பாருங்கள். நூற்றாண்டுகளாக மிதிபட்டுத் தேய்ந்த படிகள் அலைபோல் புரண்டு மேலே போகின்றன. பக்கத்தில் மெல்லிய தூண் தண்டுகள் நேராக நிற்கின்றன. அவை நேராக நிற்பதால்தான் படிகள் புரள்வது தெரிகிறது. புத்தகக் கடை வைத்திருந்த மனிதர் அதை விட்டுவிட்டுப் பேராலயங்களைப் படமெடுக்கப் போனார். அவர் பிளாட்டினத் தாளில் அச்சிட்ட கல்லின் சாம்பல் நிறங்களை இன்றைய கருவிகளோடும் என்னால் எட்ட முடியவில்லை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு: சாய்த்தே எடுத்துவிட்டு, பிறகு மென்பொருளில் நிமிர்த்துவது. எல்லோரும் செய்வது இதுதான். சின்னச் சாய்வுக்கு இது போதும். ஆனால் 20, 30 டிகிரி அண்ணாந்து எடுத்ததை நிமிர்த்தும்போது படத்தின் மேல்பகுதி இழுத்து நீட்டப்படுகிறது. எந்த இடத்தில் கூர்மை அதிகம் வேண்டுமோ, அந்த விதானத்தில்தான் பிக்சல் இல்லாமல் போகிறது. விலா வளைவுகள் உருகிய மெழுகு மாதிரி ஆகிவிடும். இரண்டு மூலைகளும் முக்கோணமாக வெட்டுப்படும். இந்த வழியை நான் விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் வளைத்துக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸ் பற்றியும் கேட்பார்கள். விதானத்தைத் தரையிலிருந்து செங்குத்தாக எடுக்க மட்டும் சரி.

ட்ரைபாட் தேவையா

இங்கும் எண்களோடு பேசுவோம். பகலில் ஒரு பேராலயத்தின் நடுக்கூடத்தில் நான் பெரும்பாலும் பார்ப்பது இது: ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) 8 என்று வைத்தால் 4 நொடி. அதையே எஃப் 4, ஐஎஸ்ஓ 1600 ஆக்கினால் 1/16 நொடி. ஐஎஸ்ஓ 3200 என்றால் 1/32 நொடி. 16 மி.மீ. லென்ஸில் 1/16 நொடியைக் கையிலேயே பிடித்துவிடலாம். கேமராவுக்குள்ளேயே அசைவுத் தடுப்பு இருந்தால் 1/4 நொடிகூட முக்கால்வாசி நேரம் கிடைக்கும்.

எஃப் 4 என்றதும், முன்னே இருக்கும் தூணும் கடைசியில் இருக்கும் பலிபீடமும் ஒன்றாகக் கூர்மையாக வருமா என்று சந்தேகம் வரும். 16 மி.மீ. லென்ஸில் எஃப் 4இல் சுமார் 2.1 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால், 1 மீட்டர் சொச்சத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைத்துவிடும். எஃப் 11 என்று மூடி வைத்து நொடிக்கணக்கில் காத்திருப்பது பழைய பழக்கம். மூலைகள் கொஞ்சம் தெளிய வேண்டுமென்றால் எஃப் 5.6.

நாய்ஸுக்கும் மருந்து இருக்கிறது. நகராமல் நின்று அதே சட்டத்தில் 8 படம் தொடர்ந்து சுட்டு, பிறகு மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சராசரி எடுத்தால், 8 மடங்கு வெளிச்சம் சேர்த்ததற்குச் சமம். ஐஎஸ்ஓ 3200இல் எடுத்தது ஐஎஸ்ஓ 400இல் எடுத்த மாதிரி அமைதியாகிவிடும். ஃபோனின் இரவு மோட் உள்ளே செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். படங்களுக்கு இடையே சில நொடி விட்டு எடுத்து, சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பை எடுத்தால் நடமாடும் ஆட்களும் மறைந்துவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் மறைய மாட்டார்கள்.

அப்படியானால் ட்ரைபாட் எதற்கு? சட்டத்தை நிதானமாகக் கட்டுவதற்கு. கையில் பிடித்தால் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ட்ரைபாடில் வைத்தால் பார்க்கிறோம். இடது தூணின் விளிம்பு வலது தூணின் விளிம்புக்குச் சமமாக நிற்கிறதா, நடுக் கோட்டில்தான் நிற்கிறோமா என்று அரை அடி இப்படி, அரை அடி அப்படி நகர்த்துகிறோம். ஷிஃப்ட் லென்ஸுக்கும் அதுதான் நல்ல ஜோடி.

ஆனால் பெரும்பாலான பெரிய பேராலயங்களில் முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் விரிக்க விடமாட்டார்கள். எனக்கும் ஒரு தடவை ஆகியிருக்கிறது. ஒரு பேராலயத்தில் காலை வேளை, ஆளே இல்லை என்று இரண்டாவது காலை நீட்டும்போதே காவலர் வந்து நின்றுவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். அன்று முழுவதும் 2 கிலோ ட்ரைபாடை முதுகில் சுமந்துகொண்டு கையில் பிடித்தே எடுத்தேன். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தரையில் பதித்த கற்களில் பல, கல்லறைக் கற்கள். பாதை குறுகல். வருபவர்கள் மேலே பார்த்துக்கொண்டே நடப்பவர்கள். ட்ரைபாட் கால் தட்டி விழுவது நிச்சயம். உண்மையிலேயே ட்ரைபாட் வேண்டும் என்றால் சில வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். எந்த நாள், எத்தனை மணி நேரம், படம் எதற்கு என்று தெளிவாக எழுதினால் நல்லது. திறப்பதற்கு முன் அரை மணி நேரம் கிடைத்தால் அது ஒரு நாள் முழுக்கச் சுற்றுவதைவிட மேல்.

அனுமதி இல்லாதவர்களுக்கு என் யோசனை அரிசிப் பை. கால் கிலோ கொள்ளும் ஒரு துணிப் பையை மடித்து எடுத்துப் போங்கள். போன ஊரில் கடையில் அரிசி வாங்கி முக்கால் பங்கு நிரப்பி வாயைக் கட்டுங்கள். நாற்காலி முதுகின்மேல் வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தினால் அரிசி நகர்ந்து கேமராவின் அடிவயிற்றைப் பிடித்துக்கொள்ளும். விரலால் ஒரு பக்கம் குத்தினால் அந்தப் பக்கம் அரை டிகிரி இறங்கும். மட்டக் கோடு பச்சையாகும் வரை குத்தலாம். 2 நொடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிட்டால் 1 நொடி, 2 நொடி எல்லாம் அசையாமல் வரும். பழமையான மர இருக்கைகளின்மேல் மட்டும் வைக்காதீர்கள். ஊர் திரும்பும் நாளில் அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டுவிடுவேன்.

கல்லா, கண்ணாடியா

உள்ளே இருக்கும் கல்லுக்கும், வெயில் படும் ஜன்னலுக்கும் இடையே 8 ஸ்டாப், 10 ஸ்டாப் வித்தியாசம் சர்வசாதாரணம் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு). இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, வெவ்வேறு எக்ஸ்போஷரில் ஐந்தாறு படம் எடுத்து ஹெச்டிஆராக இணைப்பது. இரண்டு, கண்ணாடி வெளுக்காத அளவுக்கு ஒரே ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்குவது. மூன்று, இரண்டையும் ஒன்றாக எடுக்கும் ஆசையையே விட்டுவிடுவது.

ஹெச்டிஆர் எனக்கு ஒத்துவரவில்லை. கல்லும் கண்ணாடியும் ஒரே வெளிச்சத்தில் தெரியும் படம் பார்க்கத் துல்லியமாக இருக்கும். ஆனால் அந்த இடம் அப்படி இல்லை. உள்ளே நுழைந்ததும் இருட்டில் ஜன்னல் மட்டும் மிதந்ததே, அதை அந்தப் படம் அழித்துவிடுகிறது. இரண்டாவது வழியில் நிழலை 2 ஸ்டாப் வரை தூக்குவேன், அதோடு நிறுத்திக்கொள்வேன். ஜன்னலில் சூரியன் நேராக நின்றால் மட்டும் 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து, கண்ணாடி இருக்கும் இடத்தில் மட்டும் இருண்ட படத்தை ஒட்டுவேன்.

கண்ணாடிக்காகவே போகிறீர்கள் என்றால் மூன்றாவது வழிதான் சிறந்தது. வைட் லென்ஸைக் கழற்றிவிட்டு 70-200 போன்ற டெலி லென்ஸைப் போடுங்கள். ஷார்த்ரின் வடக்கு ரோஜாச் சாளரத்தை எடுக்க, நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டும் குறுக்குக் கூடத்தின் தெற்குக் கோடிக்குப் போய் நில்லுங்கள். தூரம் கூடக் கூட அண்ணாக்க வேண்டிய கோணம் குறையும், வட்டம் வட்டமாகவே வரும். டெலி லென்ஸில் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் கீழே நின்று பார்க்க முடியாதவை தெரியும்: ஈயப் பட்டையின் வளைவு, முகத்தில் தூரிகையால் இழுத்த கோடு, நீலக் கண்ணாடிக்குள் அடைபட்ட சின்னக் காற்றுக் குமிழ்.

அந்த நீலத்தில் ஒரு பொறி இருக்கிறது. கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்று காட்டும். ஆனால் நீலச் சானல் மட்டும் முட்டி வழிந்திருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் நீலத்தில் எந்த விவரமும் இருக்காது, ஒரே பூச்சு. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டு, நீலம் வலது சுவரைத் தொடாத அளவுக்குக் குறையுங்கள். 1 ஸ்டாப், சில நேரம் அதற்கும் மேல் குறைக்க வேண்டியிருக்கும்.

வெயிலா, மேகமா

கண்ணாடிக்கு மேகம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெயில் நாளில் ஜன்னலின் ஒரு மூலை எரியும், முட்டு வளைவின் நிழல் இன்னொரு மூலையில் விழும். மேக நாளில் வானம் முழுக்க ஒரே வெள்ளைத் திரை.

கல்லுக்கு வெயில். இங்கே திசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கோதிக் பேராலயங்களில் பலிபீடம் கிழக்கே, பெரிய வாசல் மேற்கே. காலையில் வெயில் பலிபீடத்துக்குப் பின்னாலிருந்து வந்து கேமராவின் கண்ணைக் கூசவைக்கும். மாலையில் மேற்கு வாசலின் மேலிருக்கும் வட்டச் சாளரம் ஒளிரும். நடுப்பகலில் தெற்கு ஜன்னல்கள் வழியே வெயில் வரும். ஷார்த்ர் இருக்கும் அட்சரேகையில் டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 18 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், ஜூனில் 65 டிகிரிக்குப் போய்விடும். அதனால் கோடையில் மேல் ஜன்னல்களின் வண்ணம் நடுக்கூடத்துத் தரையில் விழுகிறது. குளிர்காலத்தில் வெயில் படுத்தவாக்கில் உள்ளே நீண்டு, எதிரே இருக்கும் வடக்குத் தூண்களிலும் சுவரிலும் போய் ஒட்டுகிறது. தூணில் ஒட்டிய வண்ணம் தரையில் விழுந்ததைவிடப் படத்துக்கு நல்லது, நாற்காலிகள் உடைக்காது. பனியும் குளிரும் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் குளிர்காலத்தில் போங்கள். கூட்டமும் குறைவு.

எந்த ஊர்

ஒரே ஒரு பேராலயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எல்லோரும் ஷார்த்ர் என்பார்கள். நான் அமியான் என்பேன், முதல் பயணத்துக்கு.

ஷார்த்ர் கடினமான இடம். 12, 13ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி அங்கே தங்கிய அளவுக்கு வேறெங்கும் தங்குவது அரிது. அந்த அடர்ந்த கண்ணாடிதான் உள்ளே இருட்டையும் கொண்டுவருகிறது. 2009இல் தொடங்கிய சீரமைப்பில் பல நூற்றாண்டுக் கரியைத் துடைத்துச் சுவர்களை வெளிர் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது சரியா தவறா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. இருண்ட சுவருக்கு எதிரில்தான் கண்ணாடி ஒளிரும் என்ற வாதத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் படமெடுக்கிறவனாகச் சொன்னால், துடைத்த பகுதிகளில் கல் ஒரு ஸ்டாப்பாவது கூடுதலாக வெளிச்சம் தருகிறது.

1220இல் தொடங்கிய அமியான் வேறு மாதிரி. அதன் பழைய கண்ணாடியில் பெரும்பகுதி போய்விட்டது. அது பெரிய இழப்பு. ஆனால் அதனால் உள்ளே வெள்ளை வெளிச்சம் கொட்டுகிறது. கல்லுக்கும் ஜன்னலுக்கும் இடையே வித்தியாசம் குறைவு, ஒரே ரா ஃபைலில் பெரும்பாலும் அடங்கிவிடும். விதானம் 42.3 மீட்டர். 24 மி.மீ. லென்ஸில் மட்டமாகப் பிடித்தால் 54 மீட்டர் தள்ளித்தான் உச்சி தெரியும், 17 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸில் 23 மீட்டர். உயரத்தைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும், காலையில் போய் மாலையில் திரும்பலாம். பிரான்சின் பேராலயங்களுக்குள் போக டிக்கெட் கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள். இங்கிலாந்தில் பல பேராலயங்களில் உண்டு.

பாரிஸிலேயே இருக்கும் சான்ட் ஷாப்பெல் ஒரு பேராலயம் இல்லை, அரச குடும்பத்து வழிபாட்டுக்கூடம், 1248இல் அர்ப்பணிக்கப்பட்டது. டிக்கெட்டும் உண்டு, நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. மாடிக்கூடத்தில் சுவரே இல்லை என்று சொல்லலாம், 15 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி. வெளிச்சம் பிரச்சினையே இல்லை. கூட்டம்தான் பிரச்சினை. இங்கே நான் வைட் லென்ஸை நெட்டுவாக்கில் மட்டமாகப் பிடித்து, தலைகளுக்கு மேலே இருப்பதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறேன்.

ஜெர்மனியின் கொலோன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே பேராலயம். 1248இல் தொடங்கி 1880இல்தான் முடித்தார்கள், விதானம் 43 மீட்டருக்கு மேல். தெற்குக் குறுக்குக் கூடத்தில் கெர்ஹார்ட் ரிக்டர் 2007இல் வடிவமைத்த ஜன்னல் இருக்கிறது. 72 நிறங்களில் சின்னச் சின்னச் சதுரங்கள், வேறு உருவமே இல்லை. வெயில் நாளில் நடுப்பகலை ஒட்டிப் போனால் எதிரே கல்லில் அந்தச் சதுரங்கள் கரைந்து வழிவதைப் பார்க்கலாம். மேக நாளில் எனக்கு அந்த ஜன்னல் பாதிதான்.

இங்கிலாந்து என்றால் ஈலி. 1322இல் நடுக் கோபுரம் இடிந்து விழுந்தது. அந்த இடத்தில் எண்கோணமாகத் திறந்து, மேலே மரத்தால் ஒரு விளக்குக் கூண்டை ஏற்றினார்கள். கேமராவை அண்ணாக்கவே கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன்; ஈலியில் முழுக்க அண்ணாக்க வேண்டும். சரியாக மையத்தில், லென்ஸ் நேர் மேலே பார்க்க. 1 டிகிரி தப்பினாலும் எண்கோணம் கோணலாகிவிடும். அரிசிப் பையைத் தரையில் வைத்து, கேமராவை மல்லாக்கப் படுக்கவைத்து டைமர் போடுவதுதான் இதற்கு எளிய வழி.

பிரான்சின் போவே பேராலயத்தை மட்டும் ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால்தான் போங்கள் என்று சொல்வேன். விதானம் 48 மீட்டர், கோதிக்கில் அதுதான் உச்சம். 1284இல் அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நடுக்கூடம் கட்டப்படவே இல்லை. அதனால் பின்னால் நகர இடம் குறைவு. முட்டுக்கொடுத்த சட்டங்கள் வேறு குறுக்கே நிற்கின்றன.

சென்னையில் இருந்து கிளம்புகிறவர்கள் புது லென்ஸை விமானத்தில் ஏறிய பிறகு பழக வேண்டாம். சாந்தோம் பேராலயத்தின் இப்போதைய கட்டடம் 1896இல் நியோ கோதிக் பாணியில் எழுந்தது. ஒரு பிற்பகல் அங்கே போய், கேட்டுவிட்டு, மட்டத்தைப் பிடித்துப் பழகுங்கள்.

எந்த ஊரானாலும் ஒன்று. திருப்பலி நடக்கும்போது கேமராவைப் பையில் போட்டுவிடுங்கள், ஃப்ளாஷை எப்போதும் அணைத்தே வையுங்கள், மண்டியிட்டிருப்பவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். வெளியே போகச் சொல்லாவிட்டால் பூசை முடியும் வரை பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஆர்கன் முழங்கும்போது அந்த விதானம் எதற்காக அவ்வளவு உயரம் என்று காது வழியாகவும் தெரியும்.

இப்போது என் பையில் இருப்பவை: 45 மெகாபிக்சல் கேமரா, 14-24 ஜூம், 70-200 எஃப் 4, காலி அரிசிப் பை. எழுத்தில் அனுமதி கிடைத்த பயணத்துக்கு மட்டும் 17 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸும் ட்ரைபாடும் சேர்த்து வாடகைக்கு எடுக்கிறேன். சொந்தமாக வாங்கவில்லை, வருடத்துக்கு ஒரு பயணம் போகிறவருக்கு வாடகைதான் கட்டுப்படியாகும். வெறும் ஃபோனோடு போகிறவர்கள் வைட் கேமராவைவிட முதன்மைக் கேமராவை நம்புங்கள், அதன் சென்சார் பெரிது. நடுக்கூடத்தின் மேற்குக் கோடிவரை பின்னால் போய், நெட்டுவாக்கில் மட்டமாகப் பிடியுங்கள்.

ஷார்த்ருக்கு ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டவர்கள் முடிந்தால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். நடுக்கூடத்துத் தரையில் சுமார் 13 மீட்டர் அகலத்துக்கு ஒரு சுற்றுவழிப் பாதை கல்லில் பதித்திருக்கிறது. மற்ற நாட்களில் அதன்மேல் நாற்காலிகள் வரிசையாக நிற்கும். தவக்காலத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை வெள்ளிக்கிழமைகளில் அவற்றை எடுத்துவிடுவார்கள். கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன் மேற்கு ஓரத்திலிருந்து 4 மீட்டர் பின்னால் நின்று 14 மி.மீ. லென்ஸை நெட்டுவாக்கில் மட்டமாகப் பிடியுங்கள். மேல்பாதியில் விதானம் வரும். வழக்கமாக நாம் வெட்டி எறியும் கீழ்ப்பாதியில், அந்தச் சுற்றுவழி முழுசாக வந்து நிற்கும். அன்றைக்கு ஒரு பிக்சலும் வெட்ட வேண்டாம்.